மேளக்காரருக்கு எவ்வளவு பேசினீர்கள்?



போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் பேத்தி கல்யாணத்துக்குக் கணக்குப் போட உட்கார்ந்தோம். மண்டபம், சாப்பாடு, பூ அலங்காரம், வீடியோ, மேலே பறந்து படம் எடுக்கும் டிரோன் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. 'மேளம்' என்ற வரி வந்ததும் பேனா நின்றது. "சித்தப்பா, ரெண்டு வேளைக்கு இவ்ளோ கேக்குறாங்க. சவுண்டு சர்வீஸ்காரர்கிட்ட பென் டிரைவ் இருக்கு. கெட்டிமேளம்கூட அதுலயே இருக்கு, பட்டனைத் தட்டினா போதும்" என்றான் அண்ணன் மகன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் வகுப்பை விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

கலைஞர்களை அமர்த்துவது நம் பக்கத்துக்குப் புதிய விஷயம் இல்லை. திருவொற்றியூரில் வளர்ந்தவர்களுக்கு வடிவுடையம்மன் கோயில் தெரியாமல் இருக்காது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அம்மனைப் பார்த்துவிட்டு வருவோமே தவிர, சுவரில் இருக்கும் எழுத்தை நின்று பார்த்தவர்கள் குறைவு. அங்குள்ள 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சிலவற்றில் ஒரு தகராறு பதிவாகியிருக்கிறது. கோயிலில் ஆடல் பாடல் பணி செய்தவர்கள் பதியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார் என்று மூன்று பிரிவினர். எந்தச் சந்நிதியில் எந்தப் பணியை யார் செய்வது என்று அவர்களுக்குள் வழக்கு வந்தது. சம்புவராயர் காலத்தில் அதிகாரிகள் கூடிப் பேசி முறை வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதோடும் தீரவில்லை. விஜயநகர ஆட்சி வந்த பிறகு மறுபடி பஞ்சாயத்து, மறுபடி கல்வெட்டு.

என் வேலை எது, என் உரிமை எது என்று கலைஞர்கள் நம் ஊரிலேயே 650 வருடத்துக்கு முன்பு வாதாடியிருக்கிறார்கள். அதைத் தீர்க்க அரசாங்க அதிகாரிகள் வந்து உட்கார வேண்டியிருந்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு தலையாட்டிப் போகிறவர்கள்தான் கலைஞர்கள் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அடுத்து மணலி. இன்றைக்கு மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலையும், டேங்கர் லாரி வரிசையும், மூக்கைத் துளைக்கும் வாடையும்தான் நினைவுக்கு வரும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதே மணலியில் ஒரு பெரிய சங்கீத வீடு இருந்தது. கவர்னர் பிகட்டுக்குத் துபாஷியாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் வீடு அது. துபாஷி என்றால் கம்பெனிக்காரர்களுக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவே மொழியும் பேரமும் பேசுகிறவர். முதலியார் திருவாரூரிலிருந்து ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு வரவழைத்து ஆதரித்தார். அவருக்குப் பிறகு அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், அதாவது சின்னையா முதலியாரும் ஆதரவைத் தொடர்ந்தார். ராமசாமி தீட்சிதரின் மூத்த பிள்ளைதான் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். 1775இல் திருவாரூரில் பிறந்து, வாலிப வயதில் மணலிக்கு வந்தவர்.

துபாஷி வீடு என்பதால் கோட்டையோடு போக்குவரத்து உண்டு. கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிக்கும். அந்த மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். 'நோட்டுஸ்வர சாகித்யங்கள்' என்று ஏறத்தாழ 40 உருப்படிகள் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தரப்படுகின்றன. அவற்றில் ஒன்று இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதரை ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தவர் சின்னையா முதலியார். அந்த வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குப் பழக்கிய முன்னோடிகளில் பாலுசாமி ஒருவர். இதையெல்லாம் அந்த வம்சத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் எழுதிவைத்திருக்கிறார். மயிலாப்பூர் சபாக்களில் இன்றைக்கு வயலின் பக்கவாத்தியம் இல்லாத கச்சேரி அபூர்வம். அந்த வயலின் வந்த வழிகளில் ஒன்று நம் மணலி வழி. பிள்ளைகளே, வடசென்னைக்காரன் என்று யாராவது ஏளனமாகப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.

திருவொற்றியூருக்கும் இப்படி ஒரு பெருமை உண்டு. தியாகராஜ சுவாமிகளின் சீடரான வீணை குப்பையர் இந்த ஊர்க்காரர். குருவை அவர் இங்கே அழைத்துவந்தபோது, நம் திரிபுரசுந்தரி அம்மன்மேல் தியாகராஜர் ஐந்து கிருதிகள் பாடினார். 'திருவொற்றியூர் பஞ்சரத்னம்' என்பது அதுதான். அந்தப் பயணத்தில் கோவூர் சுந்தரேச முதலியாரும் அவரை வரவேற்று உபசரித்தார். காசு வாங்கிப் பாடாதவர் தியாகராஜர். அதனால் அவருக்குத் தெரியாமல் பல்லக்கில் ஆயிரம் பொன் வைத்து, சீடர்களிடம் மட்டும் ராமநவமி உற்சவத்துக்கு என்று சொல்லி அனுப்பினார் முதலியார் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, கதையின் உட்பொருளைப் பாருங்கள். கேட்காத கலைஞருக்கும் கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்று கொடுப்பவர் நினைத்திருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லி 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பெருமூச்சு விடலாம். வகுப்பில் நானே பலமுறை விட்டிருக்கிறேன். ஆனால் அது பாதிக் கதைதான். தீட்சிதருக்கும் தியாகராஜருக்கும் கிடைத்த மரியாதை, வீதியில் நின்றபடி வாசித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நாகசுரக்காரர் மணிக்கணக்கில் நடந்துகொண்டே வாசிக்கவேண்டும். தோளில் துண்டு போடக்கூடாது. சுயமரியாதை இயக்கக் காலத்தில் செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலம் ஒன்றில் சிவக்கொழுந்து என்ற நாகசுர வித்வான், வியர்வை துடைக்கத் துண்டு போட்டிருந்தார். அதை எடுக்கச் சொல்லி எதிர்ப்பு வந்தது. எடுக்காதீர்கள் என்று அவர் பக்கம் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. ஒரு முழத் துணிக்காக நடந்த சண்டை அது.

பறை அடித்தவர்களின் நிலை அதைவிட மோசம். கிராமத்தில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் போகும். வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. இவ்வளவு கொடு என்று கேட்கவும் முடியாது. கொடுத்ததுதான் கூலி. இந்தக் கட்டாயத்தை எதிர்த்து ல. இளையபெருமாள் போன்றவர்கள் தென்னார்க்காட்டில் பெரிய போராட்டம் நடத்தினார்கள். இன்று அதே பறையை மேடையில் பெருமையோடு அடிக்கும் பிள்ளைகள், அன்று அடிக்க மறுத்தவர்களின் வழியில் வந்தவர்கள்தான்.

அதனால்தான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. கலைஞன் பேரம் பேசுகிறான் என்று நாம் முகம் சுளிக்கிறோம். பேரம் பேச முடியாத காலம்தான் அவனுக்குக் கேவலமான காலம். 'இவ்வளவு தந்தால் வருகிறேன்' என்று ஒருவன் சொல்கிறான் என்றால், 'வராமலும் இருப்பேன்' என்று சொல்லும் உரிமை அவன் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த உரிமை கிடைத்த இடங்களில் ஒன்று நம்முடைய வடசென்னை. துறைமுகம், ரயில்வே, பின்னி மில், பிறகு எண்ணூரில் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். என்று வேலை தேடிப் பல மாவட்டத்து மக்கள் வந்து குடியேறினார்கள். வந்தவர்கள் தங்கள் மேளத்தையும் பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஊர்க் கட்டுப்பாடு தளர்ந்தது. இங்கே கலைஞரைக் கூப்பிட வேண்டுமென்றால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அட்வான்ஸ் கொடுத்து, தேதி எழுதிக்கொண்டு வரவேண்டும்.

எத்தனை வகை இசை! கல்யாணத்துக்கு நாகசுர செட். ராயபுரத்துத் தேவாலயத் திருவிழாக்களில் தேர்ப்பவனிக்கு பேண்டு. சிவப்புச் சட்டை, தோளில் ஜிகினா, கிளாரினெட், டிரம்பெட், வயிற்றில் கட்டிய பெரிய டிரம். மாப்பிள்ளை அழைப்புக்கும் அதே பேண்டு வரும். இருபுறமும் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுமந்தபடி பெண்கள் நடப்பார்கள். அந்த விளக்குச் சூட்டையும் அவர்களுக்குக் கொடுத்த காசையும் நாம் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடிந்ததும் மெல்லிசைக் கச்சேரி. மரப் பெஞ்சுகளை அடுக்கி மேடை, குழாய் ஸ்பீக்கர், ஒரு அக்கார்டியன், ஒரு பாங்கோஸ், டி.எம்.எஸ். குரலில் ஒருவர், சுசீலா குரலில் ஒருவர். ஷிப்டு முடிந்து தொழிலாளர்கள் சைக்கிளோடு நின்று விடியவிடியக் கேட்பார்கள்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் சாவு வீடு என்றால் கானா. பாடுகிறவர் வந்ததும் இறந்தவரின் பெயர், பிள்ளைகளின் பெயர், செய்த தொழில் எல்லாவற்றையும் விசாரித்துக்கொள்வார். ராத்திரி முழுக்க அதையெல்லாம் கோத்து அந்த மனிதரின் வாழ்க்கையையே பாட்டாகக் கட்டிவிடுவார். படித்தவர்கள் நாங்கள் அதைக் 'குடிகாரப் பாட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய பாட்டு ஊரெல்லாம் ஒலித்தபோது, அதே நாங்கள் செல்போனில் ரிங்டோன் வைத்துக்கொண்டோம். சினிமாவுக்குப் போன பிறகு கிடைத்த மரியாதை தெருவில் இருந்தபோது ஏன் கிடைக்கவில்லை என்று நான் என்னையே கேட்டுக்கொண்டதுண்டு.

இனி, இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1976 ஆவணியில் என் அக்காவுக்குத் திருவொற்றியூரில் கல்யாணம். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு நாகசுர செட் பேசியிருந்தோம். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று ஆறு பேர். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து 300 ரூபாய். அட்வான்ஸ் 51 கொடுத்தாயிற்று.

மாலை ஆறு மணிக்கு வரவேண்டியவர்கள் ஏழரைக்கு வந்தார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார்களாம். அந்தக் கேட்டைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி ஒன்று வந்து நின்றால் அப்புறம் ஆண்டவன் விட்ட வழி. மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணிவிட்டது. அப்பாவுக்கு அவமானமாகப் போயிற்று. ஆனால் வந்தவர்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல, ராத்திரி பதினொன்றரை வரை வாசித்தார்கள். மறுநாள் முகூர்த்தத்தில் ஒரு குறை இல்லை.

சாப்பாடு முடிந்ததும் அப்பா என்னிடம் ஒரு கவரைக் கொடுத்து, "மேளக்காரர்கிட்ட குடுத்துடு. 50 ரூபா பிடிச்சிருக்கேன், லேட்டா வந்ததுக்கு" என்றார். அவர்கள் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மண்டபத்துப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் கவரை வாங்கி எண்ணினார். என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, கேட்டை நான் சாத்தலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை. 'அப்பா சொன்னார்' என்றுகூடச் சொல்லவில்லை. அவர் வாத்தியத்தை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்று என் சட்டைப் பையில் என் சம்பளப் பணம் இருந்தது. 50 ரூபாய் எடுத்துக் கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. கொடுக்கவில்லை.

அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து என் வகுப்பில் ஒரு பையன். எட்டாம் வகுப்பு. நன்றாகப் படிப்பான். ஆனால் தை, ஆவணி என்று முகூர்த்த மாதம் வந்தால் வகுப்புக்கு வரமாட்டான். வந்தாலும் பெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். ஒருநாள் கையில் பிரம்பால் இரண்டு கொடுத்து, அப்பாவைக் கூட்டிவா என்று அனுப்பினேன். வந்தார். தவில் வித்வான். வலது கை விரல்களில் கூடு போட்டுப் போட்டுத் தோல் காய்த்துப் போயிருந்தது. தவிலின் வலந்தலையில் வெறும் விரலால் அடிக்க முடியாது; பசை தடவிய துணியை விரலில் சுற்றிக் காயவைத்து அந்தக் கூட்டோடுதான் அடிக்கவேண்டும். அந்தக் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"தாளம் போடுறவருக்கு சம்பளம் குடுத்தா எங்களுக்கு மிஞ்ச மாட்டேங்குது சார். அதான் பையனைக் கூட்டிப் போறேன்" என்றார். "பேசுன காசு முழுசா வர்றதில்ல. மூணு கல்யாணம் வாசிச்சா ஒண்ணுல மீதி நிக்கும். ஏதாவது ஒரு காரணம் சொல்லிப் பிடிச்சுக்குவாங்க."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த 50 ரூபாய் எங்கே போயிற்று என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அப்பா பிடித்தது மேளக்காரரின் கூலியை என்று நினைத்திருந்தேன். ஏதோ ஒரு வீட்டில் ஒரு பையனின் பள்ளிக்கூட நாளையும் சேர்த்துப் பிடித்திருக்கிறோம். அவரிடம் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையனுக்கு விட்டுப்போன பாடங்களைச் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தேன். அது பெரிய தர்மம் இல்லை, வட்டிகூட இல்லை. அவனை அடித்ததற்கும் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தம்பி, இதைப் படிக்கிறாய் என்றால் ஒரு வார்த்தை எழுது.

பென் டிரைவில் கெட்டிமேளம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். புரோகிதர் விரலை உயர்த்துகிறார். நாகசுரக்காரரின் கண் அந்த விரலிலேயே இருக்கிறது. தவில்காரரின் கண் நாகசுரக்காரர் மேல் இருக்கிறது. பெண் தலை குனிகிறாள், மாப்பிள்ளையின் கை நடுங்குகிறது, மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் எட்ட முடியாமல் தடுமாறுகிறார். அதுவரைக்கும் மேளம் தாங்கிப் பிடிக்கிறது. முடிச்சு விழுந்த பிறகுதான் இறங்குகிறது. அந்த நடுக்கத்தைப் பார்த்து வாசிக்க மனிதன் வேண்டும். அட்சதை போடும் நேரத்தில் யாரோ ஏதோ அபசகுனமாகப் பேசிவிட்டால் அது காதில் விழாமல் மூடுவதற்கும் அந்தச் சத்தம்தான்.

அதைச் செய்ய ஒருவர் எத்தனை வருடம் கற்கவேண்டும் என்று யோசியுங்கள். வாத்தியத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கொடுத்தாயிற்று. வாசிக்கக் கூப்பிடுவதுதான் பாக்கி.

அதனால் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாராக நான்கு வார்த்தை. வீட்டில் விசேஷம் வைத்தால் முடிந்தவரை ஆளை அமர்த்துங்கள். பெரிய செட் முடியாவிட்டால் சின்ன செட். எத்தனை பேர், எத்தனை மணி, சாப்பாடு, வண்டிச் செலவு யாருடையது என்று எல்லாவற்றையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பேரம் பேசுவதென்றால் அப்போதே பேசுங்கள், வாசித்து முடித்த பிறகு பேசாதீர்கள். பந்தியில் உறவினரோடு சேர்த்து உட்காரவையுங்கள். மீதிப் பணத்தைக் கவரில் போட்டு அவர்கள் கிளம்பக் காத்திருக்காமல் சாப்பாட்டுக்கு முன்பே கொடுங்கள். கொடுப்பவர் வீட்டுப் பெரியவராக இருக்கட்டும். சின்னப் பையன் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். அப்படி அனுப்பப்பட்ட ஒரு சின்னப் பையன் சொல்கிறேன்.

சாவு வீட்டுக்கும் இதே கணக்குத்தான். துக்கத்தில் இருக்கிறோம் என்பது, பாடியவரின் கூலியைப் பாதியாக்கக் காரணம் ஆகாது.

நேற்று அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். மேளச் செலவு என் பென்ஷனிலிருந்து வரும், நீ அந்த வரியை அடித்துவிடு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "வேணாம் சித்தப்பா, நானே பேசிட்டேன். ஒரு செட்டு சொல்லியாச்சு. அட்வான்ஸும் குடுத்துட்டேன்" என்றான். "எங்கிருந்து வர்றாங்க?" என்றேன். "வியாசர்பாடி" என்றான்.

கேட்டு மூடும் நேரத்தை விசாரித்து, ஒரு மணி நேரம் முன்னாலேயே வேன் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அனைவருக்கும் என் ஆசிகள்.